கல்லணை முதல் கடற்கரை வரை: பயணப் படங்களை டைலில் வரைந்த அனுபவம்

தரங்கம்பாடிக் கோட்டையை டைலில் வரைய நீலம் ஒன்றே போதும். கோபால்ட் நீலத்தைக் கெட்டியாக, நீர்த்து, இன்னும் நீர்த்து என்று மூன்று அடர்த்தியில் கரைத்து வைத்துக்கொண்டால் கோட்டைச் சுவர், சுவரின் நிழல், பின்னால் கடல், மேலே வானம் எல்லாம் வந்துவிடும். நேரில் அந்தச் சுவரில் துளி நீலம் கிடையாது. ஆனாலும் எங்கள் வீட்டுச் சுவரில் அதைப் பார்த்தவர்கள் யாரும் நிறம் தப்பு என்று சொன்னதில்லை. "டேனிஷ் கோட்டைதானே இது?" என்றுதான் கேட்கிறார்கள். போட்டோவைப் பார்த்து டைல் வரைவதில் நான் கற்றுக்கொண்டதில் முக்கியமானது இதுதான். படத்தில் இருப்பதையெல்லாம் கொண்டுவர வேண்டியதில்லை. எதைப் பார்த்தால் அந்த ஊர் என்று தெரிகிறதோ அதை எடுத்துக்கொண்டு மற்றதைத் தயங்காமல் விட்டுவிடலாம்.

நான் கும்பகோணத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஓவியம் சொல்லித் தருகிறேன். ஞாயிற்றுக்கிழமை வந்தால் என் வீட்டுக்காரருக்கு வண்டியை எடுக்காமல் இருக்க முடியாது. கல்லணை, திருவையாறு, தாராசுரம், முத்துப்பேட்டை, கோடியக்கரை என்று காவிரி போகும் ஊர்களையெல்லாம் சுற்றியிருக்கிறோம். படங்கள் போனில் குவிந்து கிடந்தன. வீட்டைப் புதுப்பித்தபோது முற்றத்தை ஒட்டிய சுவருக்கு டைல் பார்க்கப் போனோம். கடையில் காட்டியதெல்லாம் காபிக் கோப்பையும் திராட்சைக் கொத்தும் அச்சடித்த டைல்கள். நாம் பார்த்த ஊர்களே நம் சுவரில் இருக்கட்டும் என்று அப்போது தோன்றியது.

போட்டோவை டைலில் ஏற்றப் பல வழிகள் இருக்கின்றன. மக்கிலும் பனியனிலும் படம் அச்சடித்துத் தரும் கடைகளே டைலிலும் அடித்துத் தருகின்றன. அந்த டைலின் மேல் ஒரு பாலிமர் பூச்சு இருக்கும். 200 டிகிரி அளவு சூட்டில் அழுத்தும்போது மை ஆவியாகி அந்தப் பூச்சுக்குள் இறங்கும். மேசையில் வைக்க அது அழகான பொருள்தான். ஆனால் நிறம் இருப்பது பூச்சில், பீங்கானில் இல்லை. கம்பி நார் பட்டால் கீறல் விழும், வெயில் விழும் சுவரில் வெளுத்துப்போகும். வீட்டு அவனிலேயே சுடக்கூடிய பீங்கான் பெயின்ட்டும் கிடைக்கிறது. 150 டிகிரியில் அரை மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாக வைத்தால் இறுகிவிடும். பிள்ளைகளோடு உட்கார்ந்து செய்ய அது நல்ல தொடக்கம். எப்போதும் தண்ணீர் படும் சுவருக்கு அதை நான் சொல்ல மாட்டேன்.

சூளையில் சுடும் நிறம் வேறு வகை. அது உலோக ஆக்சைடுகளிலிருந்து வருவது. சூட்டில் கண்ணாடியோடு கண்ணாடியாக உருகி டைலின் உடம்போடு சேர்ந்துவிடும். டச்சுக்காரர்கள் 1658 முதல் 1781 வரை நம் நாகப்பட்டினத்தைக் கையில் வைத்திருந்தார்கள். அதே காலத்தில் அவர்கள் நாட்டில் டெல்ஃப்ட் போன்ற ஊர்களில் சுட்ட நீல டைல்கள் இன்றும் நிறம் மங்காமல் அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. அவ்வளவு தூரம் போக வேண்டாம் என்றால் செட்டிநாட்டு வீடுகளைப் பாருங்கள். கப்பலில் வந்த ஜப்பானிய, ஆங்கிலேய டைல்கள் சுவர்களில் இன்னும் பளபளக்கின்றன. (ஆத்தங்குடி டைலை இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அது கண்ணாடித் தட்டின் மேல் சிமென்ட்டில் வார்ப்பது, சூளைக்கே போகாது.) நாம் போனபின்னும் சுவரில் இருக்க வேண்டும் என்று நினைத்துச் செய்தால் சூளைதான் வழி என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

சூளைக்கு நாங்கள் போனது விருத்தாசலத்துக்கு. அங்கே பீங்கான் தொழிற்பேட்டை இருக்கிறது. கொலு பொம்மை, அகல் விளக்கு, சின்னச் சின்னப் பீங்கான் சாமான்கள் செய்யும் பட்டறைகள் நிறைய. நான் கொண்டுபோன நிறப் பொடியைப் பார்த்த பட்டறைக்காரர், "எங்க சூளை ஆயிரத்து நூறுக்கு மேல போகும்மா. இந்த கலரெல்லாம் அதுல நிக்காது" என்றார். பிறகு உட்கார வைத்து விவரமாகச் சொன்னார். அன்று அவர் சொன்னது ஒரு புத்தகத்துக்குச் சமம். சுருக்கமாகச் சொல்கிறேன்.

நிறம் தீட்ட இரண்டு முறைகள். கடையில் வாங்கும் பளபளப்பான வெள்ளை டைலின் மேலேயே வரைந்து 750 முதல் 800 டிகிரிக்குள் மறுபடி சுடுவது ஒன்று. டைலின் மேலுள்ள கண்ணாடி போன்ற பூச்சுதான் கிளேஸ், அதன் மேல் தீட்டுவதால் இதற்கு ஆன்கிளேஸ் நிறங்கள் என்று பெயர். சிவப்பு, மஞ்சள், பச்சை என்று எல்லாமே இதில் கிடைக்கும். ஆனால் இதற்கெனத் தனியாகச் சூளை ஏற்ற வேண்டும். இன்னொன்று, ஒருமுறை மட்டும் சுட்டு, கிளேஸ் போடாமல் வைத்திருக்கும் டைலின் மேல் வரைவது. இந்த நிலையில் உள்ளதை பிஸ்க் என்கிறார்கள். வரைந்தபின் மேலே தெளிந்த கிளேஸ் பூசிச் சுட வேண்டும். இது அண்டர்கிளேஸ். இதைப் பட்டறையின் மற்றச் சாமான்களோடு அதே சூளையில் வைத்துவிடலாம், தனிச் செலவு இல்லை. ஆனால் அந்தச் சூட்டைத் தாங்கும் நிறங்கள்தான் நிற்கும். கோபால்ட் நீலம், இரும்பின் பழுப்பு, குரோமியப் பச்சை, கறுப்பு. இவற்றில் கோபால்ட் போல நம்பகமானது வேறில்லை. கிளேஸில் நூற்றுக்கு ஒரு பங்கு கலந்தாலே ஆழ்ந்த நீலம் தரும், எந்தச் சூட்டிலும் ஓடிப்போகாது. தரங்கம்பாடி நீலமானது இப்படித்தான். சூளை எதைக் கொடுத்ததோ அதை வைத்து வரைந்தேன். வரைந்தபின்தான் அந்தக் கோட்டைக்கு அதைவிடப் பொருத்தமான நிறம் இல்லை என்று தெரிந்தது.

முதல்முறை செய்பவர்களுக்கு நான் ஆன்கிளேஸைத்தான் சொல்வேன். பளபளப்பான டைலில் தூரிகை வழுக்கிக்கொண்டு போகும். பிடிக்கவில்லை என்றால் ஈரத்துணியால் துடைத்துவிட்டு மறுபடி வரையலாம். பிஸ்க் டைல் அப்படியில்லை. தூரிகையில் உள்ள தண்ணீரை வைத்த இடத்திலேயே உறிஞ்சிவிடும். கோடு நின்றால் நின்றதுதான். அதிலும் கோபால்ட் ஆக்சைடு சுடும்முன் கறுப்பாகத்தான் இருக்கும். எந்த இடம் எவ்வளவு நீலமாக வரும் என்பதை மனதுக்குள்ளேயே பார்த்து வரைய வேண்டும்.

சரி, படத்துக்கு வருவோம். நல்ல போட்டோவெல்லாம் நல்ல டைல் ஆகாது. தாராசுரத்தில் ராஜகம்பீரன் மண்டபத்தை எத்தனையோ கோணங்களில் எடுத்து வைத்திருந்தோம். ஒவ்வொரு தூணிலும் அவ்வளவு வேலைப்பாடு. ஆறு அங்குல டைலில் அதையெல்லாம் வரைந்தால் எறும்புக் கூட்டம் மாதிரிதான் தெரியும். அந்த மண்டபத்தைப் பார்த்தவர்கள் மறக்காதது அதைத் தேராக ஆக்கும் கல் சக்கரமும் அதை இழுக்கும் குதிரையும். அதை மட்டும் பெரிதாக நான்கு டைலில் வரைந்தேன். தூண்கள் பின்னால் வெறும் நிழலாக நின்றன. தாராசுரம் போய்வந்தவர்களுக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

படத்தைத் தேர்ந்தெடுக்க நான் செய்வது எளிதான சோதனை. போனில் படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கி, திரையில் கட்டைவிரல் அளவுக்குச் சுருக்கிப் பார்ப்பேன். அப்போதும் என்ன இடம் என்று தெரிந்தால் டைலில் தெரியும். சாம்பல் களேபரமாக இருந்தால் தெரியாது. உச்சிவெயிலில் எடுத்த படங்கள் பெரும்பாலும் இதில் தேறுவதில்லை, ஏனென்றால் நிழல் விழவே இல்லை. காலை ஏழு, எட்டு மணிக்கோ சாயங்காலமோ வெயில் பக்கவாட்டில் விழும்போது எடுத்தவை தேறும். இது தெரிந்தபிறகு நாங்கள் படம் எடுக்கும் விதமே மாறிவிட்டது. ஓர் இடத்துக்குப் போனால் முழுக்காட்சி ஒன்று, அப்புறம் அருகில் போய்ச் சக்கரம், படித்துறை, படகின் முனை என்று தனித்தனியாக எடுத்துவைக்கிறோம். போட்டோவில் நிழலுக்குள் மறைந்துபோன விவரத்தை வரையும்போது அந்தப் படங்கள்தான் சொல்லும்.

கோபுரங்களை எடுப்பவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அருகில் நின்று போனை அண்ணாந்து பிடித்தால் கோபுரம் பின்னால் சாய்ந்த மாதிரி, பக்கங்கள் மேலே குவிந்து விழும். போனில் பார்க்கும்போது கண் அதைப் பொறுத்துக்கொள்ளும். டைலில் பொறுத்துக்கொள்ளாது. டைல்களுக்கு நடுவே நேர்க்குத்தாக இணைப்புக் கோடுகள் ஓடுகின்றன அல்லவா, சாய்ந்த சுவர் அந்தக் கோட்டுக்குப் பக்கத்தில் சாய்வாகவே தெரியும். தஞ்சைப் பெரிய கோயிலுக்கு நாங்கள் வளாகத்துக்குள் முடிந்தவரை பின்னால் தள்ளி நின்று, போனை நேராகப் பிடித்து எடுத்தோம். 216 அடி விமானம் அப்போதுதான் நிமிர்ந்து நிற்கிறது. வரையும்போதும் சிற்பங்களை விட்டுவிட்டு அடுக்கடுக்காக ஏறும் அந்தக் கிடைக்கோடுகளை மட்டும் சரியாகப் போட்டேன். மேலே போகப்போக அடுக்கு எவ்வளவு குறுகுகிறது என்பதில்தான் அந்த விமானத்தின் கம்பீரம் இருக்கிறது. அதை அளந்து போடுவதற்குச் செலவழித்த நேரம் ஒவ்வொன்றும் தகும்.

அளவு விஷயத்தில் ஒரு வசதி. போன் படங்கள் பெரும்பாலும் நாலுக்கு மூன்று என்ற விகிதத்தில் இருக்கும். சதுர டைல்களைக் குறுக்கே நாலு, நெடுக்கே மூன்று என்று அடுக்கினால் படத்தை வெட்டாமல் அப்படியே பொருத்தலாம். ஆறு அங்குல டைல் என்றால் இரண்டு அடிக்கு ஒன்றரை அடி, 12 டைல். கல்லணை மாதிரி நீண்டு கிடக்கும் காட்சிக்கு அது ஒத்துவராது. மதகுகளின் வரிசை, கீழே தண்ணீர் என்று ஒரே வரிசையில் நீளமாக டைல்களை வைத்து, வானத்தைப் பாதிக்கு மேல் வெட்டிவிட்டேன். வெறும் வானத்துக்கு ஒரு வரிசை டைலை வீணாக்குவதில் எனக்கு உடன்பாடு இல்லை. மேகமோ பறவையோ இருந்தால் சரி.

பிறகு இணைப்புக் கோடு எங்கே விழும் என்று பார்க்க வேண்டும். முகத்தின் நடுவிலோ, கோபுரக் கலசத்திலோ, படகோட்டியின் கையிலோ கோடு விழக்கூடாது. படத்தை ஓர் அங்குலம் நகர்த்தினாலே பெரும்பாலும் சரியாகிவிடும். வீட்டு பிளான் பிரிண்ட் போடும் கடையில் படத்தைக் கறுப்பு வெள்ளையில் முழு அளவில் அச்செடுத்து, டைல் டைலாக வெட்டி, இரண்டு மில்லிமீட்டர் இடைவெளி விட்டுத் தரையில் பரப்பிப் பாருங்கள். காகிதமாக இருக்கும்போது மாற்றுவது சுலபம்.

டைலுக்குப் படத்தை மாற்ற கார்பன் தாள் போதும், அந்தக் கோடு சூளையில் எரிந்துவிடும். நான் பழைய முறையைத்தான் விரும்புகிறேன். டிரேஸிங் தாளில் கோடுகளை எடுத்து, கோடு நெடுக ஊசியால் ஓட்டை குத்தி, டைல் மேல் வைத்து, கரித்தூள் கட்டிய துணி மூட்டையால் ஒற்றுவது. மார்கழியில் தெருவில் விற்கும் ஓட்டை போட்ட கோல அச்சு மாதிரிதான் இது. டெல்ஃப்ட் டைல்காரர்களும் இப்படித்தான் செய்தார்கள். ஒரே தாளை எத்தனை முறை வேண்டுமானாலும் பயன்படுத்தலாம் என்பது முக்கிய லாபம். ஊசி குத்த உட்காரும்போது எந்தக் கோடு தேவையில்லை என்பதும் தானாகத் தெரிந்துவிடும், தேவையில்லாத கோட்டுக்கு ஓட்டை குத்த யாருக்கும் பொறுமை இருக்காது.

வரைவதற்கு முன் டைலை ஸ்பிரிட் தொட்டுத் துடைக்க வேண்டும். தேங்காய் எண்ணெய்க் கை பட்ட இடத்தில் நிறம் ஒட்டாமல் விலகி நிற்கும். நிறப் பொடியைக் கண்ணாடித் தட்டில் கட்டியில்லாமல் அரைத்துக் குழைத்துக்கொள்ள வேண்டும். குழைக்க எண்ணெய் வகையும் உண்டு, தண்ணீரில் கரையும் வகையும் உண்டு. நம் ஊர் வெயிலுக்குத் தண்ணீர் வகை சீக்கிரம் காய்ந்துவிடுகிறது, ஒரு துளி கிளிசரின் சேர்த்தால் தாங்கும். பொடி அரைக்கும்போது முகக்கவசம் கட்டாயம். இந்தப் பொடிகள் சிலவற்றில் ஈயமும் காட்மியமும் உண்டு. தூரிகை நுனியை வாயில் வைத்துக் கூராக்கும் பழக்கம் உள்ளவர்கள் அதை அடியோடு விட வேண்டும். சிந்திய பொடியைக் கூட்டாமல் ஈரத்துணியால் துடைக்க வேண்டும். சாப்பாட்டுத் தட்டில் இதே நிறத்தால் வரைந்து தரச் சொல்லிக் கேட்பவர்களுக்கு நான் மாட்டேன் என்றே சொல்கிறேன்.

இந்த வேலையில் வெள்ளை நிறம் என்பது டைல்தான். வாட்டர் கலர் போட்டுப் பழகியவர்களுக்கு இது புரியும். தண்ணீரில் வெயில் மின்னும் இடம், வெள்ளைப் பூச்சு பூசிய மதில், நாரையின் முதுகு இவற்றையெல்லாம் முதலிலேயே விட்டு வரைய வேண்டும். நுணுக்கமான வெள்ளைக்கு இன்னொரு வழி இருக்கிறது. நிறம் காய்ந்ததும் சீவிய ஈர்க்குச்சியால் கீறி எடுப்பது. முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டில் படகில் போகும்போது, சேற்றிலிருந்து குச்சி குச்சியாக மேலே நீட்டிக்கொண்டிருக்கும் வேர்களைப் பார்த்திருப்பீர்கள். கரையோரத்தை அடர்பச்சையாக அடித்துவிட்டு, வேர்களை ஈர்க்குச்சியால் கீறி எடுத்தேன். தூரிகையால் ஒவ்வொன்றாக வரைந்திருந்தால் அந்த உயிர் வந்திருக்காது.

பச்சை பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் டெல்டாவை வரைபவர்களுக்கு அதுதான் பெரிய பரீட்சை. நாற்றங்காலின் பச்சை வேறு, நட்டு வேர்பிடித்த வயலின் பச்சை வேறு, கதிர் முற்றும் சம்பாவின் பச்சை வேறு. புட்டியில் வரும் பச்சையை அப்படியே அடித்தால் எல்லா வயலும் பிளாஸ்டிக் பாய் மாதிரி ஆகிவிடும். மஞ்சளும் நீலமும் கலந்து பச்சைகளை நாமே உண்டாக்கிக்கொள்வதுதான் நல்லது. ஆனால் எந்த மஞ்சள் என்று கேட்டு வாங்க வேண்டும். காட்மியம் சேர்ந்த மஞ்சளும் சிவப்பும் மற்ற நிறங்களோடு ஒத்துப்போவதில்லை, சூளையில் அழுக்காகிவிடும். பிரசியோடைமியம் மஞ்சள் நீலத்தோடு தகராறு செய்வதில்லை. நாற்றுக்கு மஞ்சள் கூட்டி, சம்பாவுக்கு ஒரு துளி பழுப்பு சேர்த்தால் வயலுக்கு வயல் வித்தியாசம் வந்துவிடும்.

கோடியக்கரைப் பூநாரைகளுக்கு இளஞ்சிவப்பு வேண்டும் என்று தேடியபோது, பீங்கான் நிறங்களில் விலை கூடியவற்றில் அதுவும் ஒன்று என்று தெரிந்தது. சில இளஞ்சிவப்பும் ஊதாவும் உண்மையாகவே தங்கத்திலிருந்து செய்யப்படுகின்றன. படத்தை மறுபடி பெரிதாக்கிப் பார்த்தேன். தூரத்தில் நிற்கும் பறவைகள் ஏறக்குறைய வெள்ளைதான். சிறகு ஓரத்திலும் காலிலும் மட்டுமே சிவப்பு. டைலின் வெள்ளையை அப்படியே உடம்பாக விட்டு, சுற்றிலும் தண்ணீரின் சாம்பல் நீலத்தைப் போட்டு, இரும்புச் சிவப்பை நீர்த்து ஒரு தொடுதல் வைத்ததும் பறவைகள் எழுந்து நின்றன. வானம், தண்ணீர் மாதிரி இடங்களில் தூரிகைத் தடம் தெரியாமல் இருக்க, நிறம் ஈரமாக இருக்கும்போதே பஞ்சால் மெல்ல ஒற்றி ஒற்றி எடுக்க வேண்டும். சாயங்கால வானத்துக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

எந்தப் புது நிறத்தையும் நேராகப் படத்தில் போடாதீர்கள். அதே டைலில் ஒரு துண்டை உடைத்து, மெலிதாக, நடுத்தரமாக, கெட்டியாக மூன்று பட்டை இழுத்துச் சுட்டுப் பாருங்கள். கெட்டியாகப் பூசிய இடம் கொப்பளிக்கவோ உரியவோ செய்யும். அடர்த்தி வேண்டும் என்றால் மெலிதாக ஒருமுறை பூசிச் சுட்டு, அதன் மேல் மறுபடி பூசிச் சுடுவதுதான் சரி. தங்கப்பூச்சு வைப்பதாக இருந்தால் அதற்குச் சூடு குறைவு, ஆகவே கடைசியாக.

ஒவ்வொரு டைலின் பின்பக்கமும் எண் போட வேண்டும். பென்சிலால் எழுதினாலும் மார்க்கரால் எழுதினாலும் சூளையில் எரிந்து காணாமல் போய்விடும். வரைந்த நிறத்தாலேயே எழுதுங்கள். எண்ணோடு மேல்நோக்கி ஓர் அம்புக்குறி. வானமும் தண்ணீரும் மட்டும் உள்ள டைலில் எது தலை எது கால் என்று வரைந்தவருக்கே தெரியாது.

சூளையை நான் இயக்குவதில்லை, ஆனால் பக்கத்தில் நின்று பார்த்தவரை சொல்ல முடியும். ஆன்கிளேஸ் டைல்களை வைத்தால் 400, 450 டிகிரி வரை மெதுவாக ஏற்றுகிறார்கள். குழைத்த எண்ணெயும் பசையும் புகையாக வெளியேற மூடியைச் சற்றுத் திறந்து வைக்கிறார்கள். டைல் தட்டையான பொருள். ஓரம் சீக்கிரம் சூடாகி நடு பின்தங்கினால் விரிசல் விடும். 573 டிகிரியில் மண்ணில் இருக்கும் குவார்ட்ஸ் சட்டென்று விரியும், இறங்கும்போது அதே இடத்தில் சுருங்கும். அந்தக் கட்டத்தில் ஏறும்போதும் இறங்கும்போதும் அவசரம் கூடாது. உள்ளே சூடு எவ்வளவு வேலை செய்திருக்கிறது என்று பார்க்க சின்னக் கூம்புகள் வைக்கிறார்கள். 018, 017 என்று எண் போட்ட இவை உரிய சூட்டில் வளைந்து தலைசாயும். பூஜ்யத்துக்குப் பின்னால் எண் பெரிதாக இருந்தால் சூடு குறைவு என்று பொருள். ஒரே சூளையில் மேல்தட்டும் கீழ்த்தட்டும் ஒரே சூட்டில் இருப்பதில்லை. ஆகவே ஒரே காட்சியின் டைல்களை ஒரே தட்டில் வைக்கச் சொல்லிக் கேட்டுக்கொள்கிறேன். உள்சூடு நூறு டிகிரிக்குக் கீழே இறங்கும்வரை பட்டறைக்காரர் கதவைத் திறக்க விடமாட்டார். "ஆசையா இருக்கும்மா, எனக்குத் தெரியும். நாளைக்குக் காலைல வாங்க" என்பார்.

எப்போது போவது என்பதையும் யோசிக்க வேண்டும். நவராத்திரிக்கு முன் கொலு பொம்மைக்கும், கார்த்திகைக்கு முன் அகல் விளக்குக்கும் அங்கே சூளைகள் ஓயாமல் எரியும். நம் டைலுக்கு இடம் கேட்பது நியாயம் இல்லை. அதோடு ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் பிஸ்க் டைல் காற்றிலிருக்கும் ஈரத்தைக் குடித்துவிடும். ஈரத்தோடு சூளைக்குள் போனால் ஆவி வெளியேற வழியில்லாமல் டைல் தெறிக்கும். தை பிறந்து பங்குனி வரை உள்ள மாதங்கள்தான் எல்லாவற்றுக்கும் தோது. ஆன்கிளேஸுக்குத் தனிச் சூளை ஏற்றும் செலவு ஒருவருக்குக் கட்டாது. வரையும் தோழிகள் இரண்டு மூன்று பேர் சேர்ந்து சூளையை நிரப்பிக்கொள்கிறோம்.

டைல்களைக் கொண்டுபோவதும் ஒரு வேலைதான். கும்பகோணத்திலிருந்து அணைக்கரைப் பாலம் தாண்டி விருத்தாசலம் போகும் வழியில் எல்லா இடமும் சமமாக இல்லை. சுடாத நிறம் விரல் பட்டாலே அழியும். டைல்களைப் படுக்க வைத்து அடுக்காமல், மரப்பெட்டியில் பள்ளம் பள்ளமாகச் சட்டம் அடித்து, ஒன்றையொன்று தொடாமல் நிற்க வைத்து எடுத்துப்போகிறோம். சுட்டு வந்த டைல்களுக்கு வைக்கோல் போதும், அதற்கு நம் பக்கத்தில் பஞ்சமில்லை.

சுவரில் ஒட்டுவது கொத்தனாரின் வேலை என்று விட்டுவிட்டுப் போய்விடாதீர்கள். பழைய டெல்டா வீடுகளில் சுவரின் அடிப்பகுதியில் ஓதம் ஏறியிருக்கும். நாகப்பட்டினத்தில் என் தங்கை வீட்டில் உப்பு பூத்துச் சுண்ணாம்பே உதிர்கிறது. அப்படிப்பட்ட சுவரில் டைலை நேராக ஒட்டினால் உப்பு பின்னாலிருந்து தள்ளிக்கொண்டே இருக்கும். ஒரு பாலிதீன் தாளைச் சுவரில் நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டி இரண்டு நாள் விட்டுப் பாருங்கள். உள்பக்கம் வியர்த்திருந்தால் அந்தச் சுவர் வேண்டாம். தங்கை வீட்டுக்குச் சிமென்ட் பலகையில் டைல்களை ஒட்டி, சட்டம் போட்டு, சுவருக்கும் பலகைக்கும் நடுவே காற்றுப்போக இடம்விட்டு மாட்டினோம். வீடு மாறினாலும் கழற்றி எடுத்துப்போகலாம்.

எங்கள் கொத்தனார் ஒட்டும்முன் எல்லா டைலையும் தரையில் பரப்பி, எதிரே நின்று என்னைப் பார்க்கச் சொன்னார். "பாத்துச் சொல்லுங்கக்கா, ஒட்டுனப்புறம் மாத்த முடியாது." நல்ல வேலைக்காரர். அவரிடம் நான் கேட்டுக்கொண்டது இரண்டுதான். இணைப்பில் பளிச் வெள்ளை கிரவுட் வேண்டாம், படத்தின் நடுத்தர நிறத்துக்குப் பக்கத்தில் வரும் சாம்பலோ இளநீலமோ போடுங்கள். வெள்ளைக் கோடுகள் படத்துக்கு முன்னால் கம்பி வலை கட்டிய மாதிரி தெரியும். இரண்டாவது, வேலை முடிந்ததும் ஆசிட் ஊற்றிக் கழுவ வேண்டாம். சிமென்ட் கறை போக ஆசிட் ஊற்றுவது வழக்கம்தான், ஆனால் ஆன்கிளேஸ் நிறங்களை ஆசிட் அரித்துவிடும். காய்வதற்கு முன் ஈரப் பஞ்சால் துடைத்தாலே போதும். பிற்பாடு வீட்டில் துடைக்கும்போதும் அதே கவனம் வேண்டும். குளியலறை கழுவும் திரவங்கள் பலவற்றில் ஆசிட்தான் இருக்கிறது.

வாங்கும்போதே ஒரே பெட்டியிலிருந்து நாலைந்து டைல் கூடுதலாக எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை கடைக்குப் போனால் அதே வெள்ளை கிடைக்காது. கலந்த நிறங்களின் விகிதத்தையும் எழுதி வையுங்கள். எப்போதாவது ஒரு டைல் உடைந்தால் அந்த ஒன்றை மட்டும் மறுபடி வரைய இவை இரண்டும் வேண்டும். ஊசி குத்திய தாளையும் எறிய வேண்டாம்.

அடுத்து வேதாரண்யம் உப்பளம். பாத்தி பாத்தியாகத் தண்ணீர், குவித்து வைத்த உப்பு, தூரத்தில் வேலை செய்பவர்கள். படத்தில் பெரும்பகுதி வெள்ளை, அதாவது வெறும் டைல். வரப்புக் கோடுகளையும் குவியலின் நிழலையும் மட்டும் போட்டால் போதும் என்று நினைக்கிறேன். சாம்பலை நீலம் பக்கம் சாய்ப்பதா, பழுப்பு பக்கம் சாய்ப்பதா என்று உடைந்த டைல் துண்டில் பட்டை இழுத்து வைத்திருக்கிறேன். பொங்கல் முடிந்ததும் பட்டறையில் இடம் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.